பிறப்பும் படிப்பும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கு அச்சிடப்படுகிறது.)



நம் பங்கில் பட்டம் பெற்ற பிள்ளைகள் அனைவருடைய பெயரையும் பொன்விழா மலரில் அச்சிட வேண்டுமென்று மலர்க் குழுவினர் தீர்மானித்ததை நீங்கள் அறிவீர்கள். நல்ல எண்ணம். கூலி வேலைக்குப் போன தாய் தகப்பனுடைய பிள்ளை பட்டதாரி என்று அச்சில் வருவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பெயர்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மாலை செபமாலை முடிந்தபின் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார்கள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "சாமி, எம் பொண்ணு பேர மட்டும் அந்தப் பொஸ்தகத்துல போட வேணாம் சாமி" என்றார்கள்.

"ஏம்மா? இந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி உன் மகள்தானே?"

"அதான் சாமி பயமா இருக்குது. சர்ட்டிபிகேட்டுல வேற மாதிரி இருக்குதுல்ல."

எனக்கு உடனே விளங்கிற்று. நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு புனிதையின் பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர். அதற்கு நேரே இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. நான் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று தயவுசெய்து யாரும் ஆராய வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்லுகிறேன். ஆனால் நம்முடைய மகிழ்ச்சி மலரில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயர் ஏன் விடுபட்டது என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

ஒரு பிள்ளை எவ்வளவு படிக்கும் என்பதை அதன் மூளை முடிவு செய்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை எந்தத் தெருவில், யார் வயிற்றில் பிறந்தது என்பதே பாதிக்கு மேல் முடிவு செய்துவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 80 பேர். ஆதிதிராவிட மக்களில் 73 பேர். மலைவாழ் மக்களையும் சேர்த்த பழங்குடியினரில் 54 பேர். ஆண்டவர் அறிவைத் தெருப் பார்த்துப் பங்கிடவில்லை. பிறகு எப்படி வந்தது இந்த வித்தியாசம்?

இரட்டைமலை சீனிவாசன் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1930-ல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர். தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி 1939-ல் வெளியிட்டார். அதில் கோயம்புத்தூரில் தாம் படித்த காலத்தை நினைவுகூருகிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற யாவரும் பிராமணர். யாரோடாவது சிநேகமானால் சாதி என்ன, வீடு எங்கே என்று கேட்டுவிடுவார்களே என்ற அச்சம் அவருக்கு. ஆகையால் மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும், மற்றவர்கள் வந்து சேருமுன் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இது நடந்து நூற்றைம்பது ஆண்டு ஆகப் போகிறது. அன்று அவர் தம் சாதியை மறைத்துப் படித்தார். நம் பங்கில் ஒரு பெண் தன் திருமுழுக்கை மறைத்துப் படித்திருக்கிறாள்.

இதற்குக் காரணமான சட்டத்தைப் பலர் சரியாக அறிந்திருப்பதில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பட்டியல் சாதியார் யார் என்பதை 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வரையறுத்தது. அதன் மூன்றாம் பத்தியின்படி இந்து மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியாராகக் கருதப்பட்டனர். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த நம் கிறிஸ்தவ சகோதரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே அளவு தாழ்வுக்கு உட்பட்டிருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-ல் அவருடைய மனு தள்ளப்பட்டது. 2007-ல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தைப் பார்த்து இந்த உரிமையை மறுக்கலாகாது என்று பரிந்துரைத்தது. 2022-ல் மத்திய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் வேறோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில், திருமுழுக்குப் பெற்றவர் பட்டியல் சாதிச் சான்று கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் அவருடைய ஞானஸ்நானமும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதைத்தான் அந்தத் தாய் யார் வாயிலாகவோ கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கல்வி உதவித்தொகையைப் பொறுத்தவரை மாநில அரசு அவர்களையும் ஆதிதிராவிடரோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் உதவித்தொகை வேறு, கல்லூரியில் இடம் வேறு. 69 சதவிகித ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவிகிதம் உண்டு. அதில் இந்தப் பிள்ளைக்குப் பங்கில்லை. பிற்படுத்தப்பட்டோருக்குரிய 26.5 சதவிகிதத்தில், நிலபுலமும் கடைகண்ணியும் மூன்று தலைமுறைப் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகளோடு இந்தக் கூலிக்காரர் பிள்ளை போட்டியிட வேண்டும். 2007-ல் கிறிஸ்தவர்களுக்கென்று தனியாக 3.5 சதவிகிதம் கொடுத்தார்கள். அதனால் நமக்கு இலாபத்தைவிட நட்டமே அதிகம் என்று கண்டு, 2008-ல் நம்மவர்களே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆக, ஒரே தெருவில், ஒரே கூரை வீட்டில், ஒரே கூலி வாங்கும் அண்ணன் தம்பி இருவரில் கோவிலுக்கு வருகிறவன் பிள்ளைக்கு ஒரு கதவு, வராதவன் பிள்ளைக்கு வேறொரு கதவு. பொய் சொல்வது பாவமில்லை என்று உங்களுக்குப் போதிக்க நான் வரவில்லை. ஆனால் இந்தப் பொய்யின் பாரம் யார் தலையில் இருக்கிறது என்று கேட்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றபோது நாம் என்ன விலை கொடுத்தோம்? கேக்கும் புதுத்துணியும்தான். அந்தத் தாயிடம் மட்டும் மகளுடைய கல்லூரி இடத்தை விலையாகக் கேட்கிறது இந்தச் சட்டம். பதினேழு வயதுப் பெண்பிள்ளை தனியாகச் சுமக்கக்கூடிய சுமையா இது?

இனி, மலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சி போய்க் கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் வெள்ளிமலை. அங்கு வாழும் மக்களை மலையாளி என்கிறோம். கேரளத்து மலையாளி அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ்தான் அவர்கள் பேச்சு. பழங்குடியினரைப் பொறுத்தவரை 1950 ஆணை மதத்தைப் பார்ப்பதில்லை. மலைப் பிள்ளை இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும் பழங்குடிதான். அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தே இருக்கிறதல்லவா என்று கேட்பீர்கள்.

கல்வராயன் மலை பரம்பரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசு அதை முழுமையாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1976-ல்தான். நாடு சுதந்திரமடைந்து 29 ஆண்டு கழித்து! அந்த ஆண்டு அங்கே பிறந்தவர் என்னைவிட வயதில் சிறியவர். ஒதுக்கீட்டிலும் அப்படியே. 1990 வரை பட்டியல் சாதியாருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 18 சதவிகிதம் என்று இருந்தது. அதில் மலைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சொற்பம். 1990-ல்தான் அவர்களுக்கெனத் தனியாக ஒரு சதவிகிதம் வந்தது. அதைப் பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆதிதிராவிடருக்குத் தாசில்தார் கையெழுத்துப் போதும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, அலுவலக வாசலில் நின்று, "அடுத்த வாரம் வா" என்ற பதிலோடு திரும்பி ஏறுவது என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். இன்று வெள்ளிமலையில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. மலையில் அரசு பழங்குடியினர் உண்டி உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கதவுகள் முன்னைவிட அதிகம். ஆனாலும் கதவு இருப்பது வேறு, அதுவரை நடந்து வரப் பிள்ளைக்கு வழி இருப்பது வேறு.

இங்கே நான் என் பாவம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மாணவர் விடுதி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் அங்கே தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் வாய் திறக்க மாட்டான். அவன் பேசும் விதத்தைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்; "மலையாளி" என்று கேலி செய்வார்கள். பிள்ளைகள் விளையாட்டு என்று நானும் விட்டுவிட்டேன். பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். விடுதிப் பேரேட்டை எடுத்தேன். சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தேன். "சொல்லாமல் நின்றுவிட்டான்" என்று பக்கத்தில் எழுதினேன்.

மறு வருடம் வேறு வேலையாக மலைக்குப் போனபோதுதான் தெரிந்தது. காப்பிக் கொட்டை பறிக்கும் காலத்தில் அவன் தாய் தகப்பன் குடகுக்குக் கூலிக்குப் போயிருக்கிறார்கள். கைக்குழந்தையும் அதற்கு மூத்ததும் அவர்களோடு. தோட்டத்து லயத்தில் அந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, இவனையும் கூட்டிப் போய்விட்டார்கள். பங்குனி கடைசியில் ஊர் திரும்பி, விடுதி வாசல் வரை வந்திருக்கிறான். பெயர் அடித்திருக்கிறது என்று யாரோ சொல்ல, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டான். நான் பார்த்தபோது அவன் கையில் அரிவாள் இருந்தது. "நல்லா இருக்கீங்களா சாமி?" என்று என்னைக் கேட்டான். அவனிடம் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பூவிருந்தவல்லிக் குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்தவன் நான். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்தவன். ஆனால் ஒரு பையன் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு பஸ் டிக்கெட் எடுக்கவில்லை. அந்தப் பேரேட்டில் நான் போட்ட சிவப்புக் கோடு இன்னும் என் கண்ணுக்குத் தெரிகிறது.

தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள்? அவருடைய பேச்சைக் கொண்டு. கலிலேயா மலைநாட்டுப் பேச்சு அவரைக் காட்டிக் கொடுத்தது. நம் ஆண்டவருடைய ஊர்ப் பெயரைக் கேட்டதும் நத்தானியேலே ஏளனமாகக் கேட்கவில்லையா, அந்த ஊரிலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று? ஆகவே, பேச்சையும் ஊரையும் பிறப்பையும் பார்த்து ஒரு பிள்ளையைக் குறைவாக எடைபோடுகிறவன் யாரைக் குறைவாக எடைபோடுகிறான் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. அமெரிக்காவில் வெள்ளையர் பிள்ளைகளுக்கும் கறுப்பர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. கத்தோலிக்கப் பள்ளிகளும் அப்படித்தான் இருந்தன என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். 1947-ல் செயிண்ட் லூயிஸ் நகரின் பேராயர் ரிட்டர், தம் மறைமாவட்டப் பள்ளிகளில் இந்தப் பிரிவினை இனி இல்லை என்று அறிவித்தார். வெள்ளையர் பெற்றோர் சிலர் வழக்குப் போடுவதாகக் கிளம்பினார்கள். அப்படிச் செய்தால் திருச்சபைக்குப் புறம்பாவீர்கள் என்று சுற்றுமடல் எழுதி எல்லாக் கோவில்களிலும் வாசிக்கச் செய்தார். எதிர்ப்பு அடங்கிற்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது 1954-ல். சட்டம் வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே ஓர் ஆயர் தம் வீட்டைத் தாமே சரிசெய்தார். சட்டம் மாறட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஒரு பாடம். எல்லா இனத்தாருக்கும் எந்நிலையினருக்கும் கல்வி பிறப்புரிமை என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நம் வீட்டுக்கு வருவோம். 1950 ஆணையைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 10-ஆம் நாள் கறுப்புக்கொடி ஏற்றுகிறோம், அதுவும் தேவையே. ஆனால் டில்லியைப் பார்த்து, "கிறிஸ்தவர்களுக்குள்ளும் சாதிக் கொடுமை இருக்கிறது, ஆகையால் உரிமை கொடுங்கள்" என்று கேட்டுவிட்டு, இங்கே திரும்பி, "நம் பங்கில் அதெல்லாம் கிடையாது" என்று சொல்வது எப்படி? போன வருடம் நம் மாலைப் படிப்பு வகுப்பில் ஊர்ப் பிள்ளைகளையும் காலனிப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைத்தபோது, நான்கு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். "டியூஷன் தூரமாக இருக்கிறது சாமி" என்றார்கள். அந்தத் தூரம் எத்தனை அடி என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். யாரையும் இங்கே வெட்கப்படுத்த நான் விரும்பவில்லை. அந்த நான்கு வீட்டாரும் எனக்கு வேண்டியவர்களே. பிள்ளைகளைத் திரும்ப அனுப்புங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

பேசிவிட்டுப் போவது எளிது. ஆகவே பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரு பேரேடு. ஒவ்வோர் அன்பியமும் தன் தெருக்களில் ஐந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெயரை எழுதி வைக்க வேண்டும். கிறிஸ்தவப் பிள்ளை என்றும் மற்றப் பிள்ளை என்றும் பார்க்க வேண்டாம். இதில் சாதி, மதம் என்ற கட்டமே இருக்காது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போன வீட்டுப் பிள்ளைகள் பெயரும் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை என்றால் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும். சிவப்பு மை அந்தப் பேரேட்டுக்குக் கிடையாது.

இரண்டாவது, சான்றிதழ். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பூசைக்குப் பின், படித்த இளைஞர் இருவர் கோவில் வளாகத்தில் மேசை போட்டு உட்கார வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை மனு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. அந்த 2024 முடிவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களையும் புதுமைப் பெண் திட்டத்தில் சேர்த்தார்கள். நம்மில் எத்தனை வீட்டுக்கு இவை தெரியும்? தெரியாததனால் போகும் பணமும் ஏழையின் பணமே.

மூன்றாவது, பணம். பொன்விழா நினைவாகக் கோவில் வாசலில் அலங்கார வளைவு கட்டப் பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன். இன்று உங்கள் முன்னிலையில் வேண்டுகிறேன்: வளைவு இன்னும் சில ஆண்டு பொறுக்கட்டும். அந்தப் பணத்தில் பழைய உபதேசியார் வீட்டைப் பழுது பார்த்து, நல்ல விளக்கும் மேசையும் போட்டு, இரவு பத்து மணி வரை பிள்ளைகள் படிக்க இடம் செய்வோம். தாய் தகப்பன் வெளியூர்க் கூலிக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் பத்துப் பேர் தங்கிப் படிக்க அங்கே பாயும் சோறும் இருக்கட்டும். சோற்றுச் செலவை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்கச் சம்மதித்திருக்கிறார்கள். பேரவை மறுபடியும் கூடி முடிவு செய்யட்டும். எந்த முடிவானாலும் கட்டுப்படுகிறேன். ஆனால் முடிவு எடுக்கும் முன் ஒவ்வொருவரும் அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தத் தாயிடம் நான் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "அம்மா, மலரில் உன் மகள் பெயர் இருக்காது. ஆனால் பூசையில் ஆண்டவர் முன் அந்தப் பெயரை நான் தினமும் சொல்லுவேன்" என்றேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பேரச் சொல்லுவீங்க சாமி?" என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "இரண்டையும் சொல்லுகிறேன்" என்றேன்.

நூற்றாண்டு விழா கொண்டாடும்போது நம்மில் பலர் இருக்க மாட்டோம். அன்று வெளிவரும் மலரில் எந்தப் பிள்ளையும் தன் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்காதிருக்கட்டும். அதற்கு வேண்டிய வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம். இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.